பருவத்தின் முதல் நாள் கூடி ஆடுவோம்
நுவரெலியாவில் கூடவிருக்கும் நம் கோல்ஃப் நண்பர் குழாத்துக்கு ஒரு திறந்த மடல்

அன்புமிக்க ஆட்டத் தோழர்களுக்கு,



வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, மலைநாட்டின் காலைப்பொழுதுகளில் பனியும் பகற்பொழுதுகளில் இளவெயிலும் மாறி மாறி ஆட்சி செய்யும் இந்த மாசி மாதத்தில், வழக்கம்போல நம் குழாம் நுவரெலியாவின் பசும்புல் வெளியிலே கூடி இவ்வாண்டின் ஆட்டப் பருவத்தைத் தொடங்க ஆயத்தமாகிறது. முதல் நாளில் நால்வர் நால்வராக அணி சேர்ந்து ஆடுவதே இதுகாறும் நம் சம்பிரதாயம். இவ்வாண்டு அதனை மாற்றி, முதல் நாளிலேயே அவரவர் தனித்தனியே ஆடி, அடிகளை எண்ணிப் பரிசு பெறும் போட்டியாக அதனை அமைக்கலாம் என்ற யோசனை நம்மிடையே எழுந்திருக்கிறது. அந்த யோசனையைச் சொன்னவர்கள் ஆட்டத்தில் மெய்யான ஆர்வம் கொண்டவர்கள். அவர்களுடைய நல்ல நோக்கத்தில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஆயினும், பருவத்தின் முதல் நாள் அணியாட்டத்துக்கே உரியது என்பதும், அதைக் கைவிடுவோமாயின் நம் குழாத்தைக் குழாமாக வைத்திருக்கும் ஒரு கட்டை நாமே அவிழ்த்துவிடுவோம் என்பதும் என் திடமான அபிப்பிராயம். அதை முழுமையாக எடுத்துரைக்கவே இம்மடலை வரைகிறேன். நம்மைப் போல ஓய்வு நாள்களில் சிநேகத்துக்காகக் கூடி ஆடும் சிறு குழாங்கள் இன்று பல ஊர்களில் தோன்றி வருவதாலும், அவர்களுக்கும் இதே கேள்வி ஒருநாள் எழக்கூடும் என்பதாலும், இதனை எல்லோரும் படிக்கும் திறந்த மடலாக எழுதுகிறேன்.

முதலில், நாம் யார் என்பதைச் சற்று நினைத்துப் பார்ப்போம். நம்மில் வைத்தியர் இருக்கிறார், வங்கி அலுவலர் இருக்கிறார், ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் இருக்கிறார், தேயிலைத் தோட்டத்தை நிருவகிப்பவர் இருக்கிறார், கடை நடத்துபவர் இருக்கிறார். சிறு பிராயத்திலேயே கோலைக் கையில் எடுத்தவரும் உண்டு, நரை கண்ட பின்னர் ஆட வந்தவரும் உண்டு. கொழும்பில், களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை மைதானத்தின் ஊடே செல்லும் அந்தப் பழைய ராயல் கொழும்புக் கழகத்தின் சமதரையிலே பயின்றவர்களும், மலைச் சரிவுகளில் மட்டுமே ஆடிப் பழகியவர்களும் நம்மிடையே சரிபாதியாகக் கலந்திருக்கிறார்கள். இவர்களில் எவரும் இவ்வாட்டத்தால் ஜீவனம் செய்பவர் அல்லர். ஊதியத்துக்காக ஆடுபவருக்கு வெற்றியே தொழில். நமக்கோ ஒருவரோடு ஒருவர் பழகுவதற்கு ஆட்டம் ஒரு சாதனம். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்தினால்தான், பருவத்தை எவ்விதம் தொடங்குவது என்ற கேள்விக்குச் சரியான விடை கிடைக்கும்.

திறமையில் இத்தனை ஏற்றத்தாழ்வு உடையவர்கள் ஒரே களத்தில் ஒருவருக்கொருவர் நிகராக நின்று ஆடுவதற்கு வேறு விளையாட்டுகள் அரிதாகவே இடம் தருகின்றன. டென்னிஸிலே வல்லவர் ஒருவரும் பழகுநர் ஒருவரும் எதிரெதிரே நின்றால், சிறிது நேரத்தில் இருவருக்கும் சலிப்பே மிஞ்சும். கோல்ஃப் ஆட்டமோ, அவரவர் திறமைக்கேற்பச் சலுகை அடிகள் தரும் ஹேண்டிகேப் என்னும் அரிய ஏற்பாட்டினால் இந்தச் சிக்கலைத் தீர்த்து வைத்திருக்கிறது. அதுவரை உலகின் பல பகுதிகளில் ஆறு வகையாக வழங்கி வந்த ஹேண்டிகேப் கணக்குகளை, 2020-ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருந்து இயங்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் சேர்ந்து ஒரே முறையாக ஆக்கின. ஒருவர் கடைசியாக ஆடிய 20 சுற்றுகளுள் மிகச் சிறந்த 8 சுற்றுகளின் சராசரியைக் கொண்டு அவருடைய ஹேண்டிகேப் கணக்கிடப்படுகிறது. ஆணாயினும் பெண்ணாயினும் அதன் உச்ச எல்லை 54. மைதானத்தின் கடினத்தையும் விட்டுவிடாமல், 55 முதல் 155 வரை செல்லும் ஓர் அளவையால் அளந்து கணக்கில் சேர்த்துக் கொள்கிறார்கள். இதன் பயனாக, நேற்று ஆட வந்த ஓர் இல்லத்தரசியும் நாற்பது ஆண்டு ஆடிய ஒரு நிபுணரும் ஒரே நாளில் ஒரே களத்தில் நியாயமாகப் போட்டியிட முடிகிறது.

இருந்தும் இந்த ஏற்பாடு சமப்படுத்துவது எண்களை மட்டுமே. தனியாட்டத்தில் புதியவர் ஒருவர் தமக்குரிய சலுகை அடிகளைக் கழித்துக்கொண்டு நல்லதோர் எண்ணிக்கையைப் பெற்றாலும், நான்கு மணி நேரமும் அவர் தனியராகவே நடக்கிறார். மரங்களுக்கு இடையே பந்தைத் தேடும்போது தம்மால் பிறர் காத்திருக்கிறார்களே என்ற சங்கோசம் அவரை வாட்டுகிறது. மேலும், தனியாட்டத்தில் ஒருவருக்கொருவர் ஆலோசனை கூறுவதை ஆட்ட விதிகளே தடுக்கின்றன. கொடி எங்கே இருக்கிறது, தூரம் எவ்வளவு, விதி என்ன சொல்கிறது என்பன போன்ற பொதுச் செய்திகளைச் சொல்லலாமே ஒழிய, எந்தக் கோலை எடுப்பது, பந்தை எப்படி அடிப்பது என்று உடன் ஆடும் போட்டியாளருக்கு வழி சொன்னாலும் தண்டம், அவரிடம் வழி கேட்டாலும் தண்டம். அடிகளை எண்ணும் ஆட்டத்தில் அத்தண்டம் இரண்டு அடிகள். ஒருவர் ஆலோசனை கேட்கத் தக்கவர் அவருடைய பையைச் சுமந்து உடன் நடக்கும் கேடி ஒருவரே. போட்டி என்ற முறையில் இவ்விதி முற்றிலும் நியாயமானது. தன் அறிவைக் கொண்டே தன் ஆட்டத்தை ஆட வேண்டும் என்பதே அதன் கருத்து. ஆனால், பல மாத இடைவெளிக்குப் பின் கூடும் நண்பர்களும், அன்றுதான் முதன்முதலாக நம்மோடு சேரும் புதியவர்களும், வாய் மூடி நடக்க வேண்டிய ஒரு விதிக்குள் தம் முதல் நாளைக் கழிப்பது முறையாகுமா என்பதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

அணியாட்டத்தில் இந்தத் தடை நீங்குகிறது. ஒரே அணியைச் சேர்ந்த கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் எதைப் பற்றியும் தாராளமாக ஆலோசனை கூறலாம். வருஷம் முழுவதும் மூத்தவர் தம் மனத்துக்குள் அடக்கி வைத்திருக்கும் அநுபவத்தை இளையவருக்கு எடுத்துச் சொல்ல விதியே இடங்கொடுக்கும் நாள் அது. நுவரெலியா போன்ற களத்திலே இதன் அருமை இருமடங்காகிறது. கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவாதலால் கொழும்பில் பழகிய தூரக் கணக்கு இங்கே பொய்த்துவிடும். பந்து எதிர்பார்த்ததைக் கடந்து பறக்கும். அதே சமயம், காலைக் குளிரில் விறைத்த பந்தும் விறைத்த தோள்களும் அந்தத் தூரத்தில் ஒரு பங்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். இருபுறமும் ஓங்கி நிற்கும் மரங்களுக்கு இடையிலான குறுகிய புல்வழிகளிலே, வலிமையைக் காட்டிலும் நிதானமே பயன்படும். இவற்றையெல்லாம் சமவெளியிலிருந்து வருபவர் தாமே பட்டு அறிவதற்குள் பாதி ஆட்டம் முடிந்துவிடும். மலைநாட்டு உறுப்பினர் ஒருவர் கூட்டாளியாக அருகில் இருந்து, இங்கே ஒரு கோல் குறைத்து எடுங்கள், அங்கே ஓடையைத் தாண்ட முயல வேண்டாம் என்று சொல்வாராயின், கற்பவருக்கு அது ஆயுளுக்கும் நிற்கும் பாடமாகும்.

நம் வழக்கத்தில் உள்ள ஸ்கிராம்பிள் முறையைப் புதியவர்களின் பொருட்டு ஒருமுறை விவரிக்கிறேன். அணியின் நால்வரும் டீ மேடையிலிருந்து ஆளுக்கொரு பந்தை அடிக்கிறார்கள். நான்கில் எது நல்ல இடத்தில் விழுந்ததோ அதைத் தேர்ந்தெடுத்து, மற்ற மூவரும் தம் பந்துகளை எடுத்துக்கொண்டு அவ்விடத்துக்கு வந்து, ஒரு கோலின் நீளத்துக்குள், குழியை நெருங்காதபடி, பந்தை வைத்து அங்கிருந்தே அடிக்கிறார்கள். பந்து குழிக்குள் விழும் வரை இப்படியே தொடர்கிறது. கேட்பதற்கு எளிது, ஆனால், யார் முன்னே அடிப்பது, யார் பின்னே அடிப்பது என்ற வரிசையிலேயே ஆட்டத்தின் நுட்பம் அடங்கியிருக்கிறது. நிதானமாக ஆடும் ஒருவர் முதலில் அடித்துப் பந்தைப் புல்வழியின் நடுவே பத்திரமாக வைத்துவிட்டால், பின்னால் வரும் வலியவர் அச்சமின்றி முழுப் பலத்தையும் காட்டலாம். கிரீனில், முதலில் பந்தை உருட்டுபவர் தம் பந்து வளையும் போக்கினால் மற்ற மூவருக்கும் வழியைக் காட்டிவிடுகிறார். அவருடைய பந்து குழியில் விழாவிட்டாலும், நான்காமவரின் பந்து விழுவதற்கு அவரே காரணமாகிறார். இவ்வாறு, ஏட்டில் எழுதப்படாத உதவிகள் ஒவ்வொரு குழியிலும் நிகழ்ந்தபடியே இருக்கின்றன. தேர் வடம் பிடிப்பவர்களில் எவருடைய பலம் எத்தனை அடி தூரம் தேரை இழுத்தது என்று பிரித்துச் சொல்ல இயலாதது போலவே, அணியின் எண்ணிக்கையில் எவருடைய பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட இயலாது.

இம்முறையில் வல்லவர் ஒருவரே எல்லாவற்றையும் செய்துவிடுவார், மற்ற மூவரும் வெறும் துணையாக நடப்பார்கள் என்று சிலர் ஆட்சேபம் கூறுவதுண்டு. அதற்குப் பரிகாரம் இருக்கிறது. 18 குழிகளில், ஒவ்வொருவருடைய தொடக்க அடியையும் குறைந்தது மூன்று முறையாவது அணி பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையை விதித்தால், பன்னிரண்டு குழிகள் நால்வருக்கும் பங்காகிவிடுகின்றன. எஞ்சிய ஆறில் மட்டுமே அணிக்குச் சுதந்தரம். அப்பொழுது வல்லவர், புதியவருடைய நல்ல அடிக்காகக் காத்திருக்கவும், அது வரும்போது மனமாரப் பாராட்டவும் கற்றுக்கொள்கிறார். புதியவரோ, தம் அடி ஒன்றை நால்வரும் வந்து சூழ்ந்து நின்று ஏற்றுக்கொள்ளும் அந்தக் கணத்தில், தாமும் இந்தக் குழாத்தில் ஒருவர் என்பதைச் சொல்லாமலே உணர்கிறார். எத்தனை வரவேற்புரைகள் நிகழ்த்தினாலும் அந்த உணர்வை நாம் அவருக்கு உண்டாக்க முடியாது.

அணிகளுக்கு இடையே நியாயம் நிலவுவதற்கும் கணக்கு உண்டு. நால்வர் ஸ்கிராம்பிளில், அணியில் மிகக் குறைந்த ஹேண்டிகேப் உடையவரிடமிருந்து நூற்றுக்கு 25, அடுத்தவரிடமிருந்து 20, அதற்கடுத்தவரிடமிருந்து 15, மிகக் கூடியவரிடமிருந்து 10 என்ற வீதத்தில் எடுத்துக் கூட்டுவதே பரிந்துரைக்கப்பட்ட முறை. உதாரணமாக, அந்தக் களத்தில் 8, 14, 20, 30 என்ற ஹேண்டிகேப் உடைய நால்வர் ஓர் அணியானால், முறையே 2, 2.8, 3, 3 எனக் கூடி 10.8 ஆகிறது, அதை முழுமையாக்கி அந்த அணிக்கு 11 அடிகள் சலுகை அளிக்கலாம். அணி சேர்ப்பதை நண்பர்களின் விருப்பத்துக்கு விட்டுவிடாமல், உறுப்பினர்களைத் திறமை வரிசையில் நான்கு வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒருவரைச் சீட்டுக் குலுக்கிச் சேர்ப்பதே சிறந்தது என்பது என் வேண்டுகோள். கண்டிக்காரர் கண்டிக்காரரோடும், பழையவர் பழையவரோடும் சேர்ந்து நடப்பதற்கு வருஷத்தில் வேறு நாள்கள் எத்தனையோ இருக்கின்றன.

இன்னொரு நன்மையையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஸ்கிராம்பிள் ஆட்டத்தில் பெறும் எண்ணிக்கை எவருடைய ஹேண்டிகேப் கணக்கிலும் சேர்வதில்லை. அது தனி ஒருவருடைய ஆட்டம் அன்று என்பதே காரணம். ஆகவே, பல மாதம் கோலைத் தொடாதிருந்தவரும் அன்று தம் ஏட்டுக்குக் களங்கம் வருமோ என்ற கவலையின்றி ஆடலாம். தனிப்போட்டியாக முதல் நாளை வைத்தால், ஆயத்தமாக வந்தவர் சிலர் மகிழ்வார்கள். ஆயத்தமின்றி வந்த பலர், முதல் நாளிலேயே தம் குறைகளைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு, மனம் சோர்ந்து மலையிறங்குவார்கள். அந்தச் சோர்வு அடுத்த சந்திப்புக்கு அவர்கள் வருவதையே தடுத்துவிடலாம். வருகை குறைந்தால் பருவமே குன்றிவிடும். நண்பர் குழாம் ஒன்று க்ஷீணிப்பது பகையினால் அன்று. மெல்ல மெல்லக் குறையும் வருகையினாலேயே ஆகும்.

கோல்ஃப் தனியொருவருடைய ஆட்டமாயிற்றே, அதில் அணி என்பது செயற்கை அல்லவா என்று கேட்பவர்களுக்கு, இவ்வாட்டத்தின் சரித்திரமே விடை கூறுகிறது. இன்று நமக்குக் கிடைத்துள்ள எழுத்து விதிகளுள் மிகப் பழையவை 1744-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரை அடுத்த லீத் துறையில் எழுதப்பட்ட பதின்மூன்று விதிகள். கூடி ஆடிய கனவான்கள், நகர மன்றம் அளித்த வெள்ளிக் கோலுக்காகப் போட்டி நடத்த வேண்டி அவற்றை வகுத்தார்கள். சங்கம் கூடியபின் விதி பிறந்தது; விதி பிறந்தபின் சங்கம் கூடவில்லை. இருவர் ஒரே பந்தை மாறி மாறி அடிக்கும் ஃபோர்ஸம்ஸ் என்னும் முறை, பிரிட்டனின் பழைய கழகங்களில் இன்றும் பெருமையோடு போற்றப்படுகிறது. 1922-இல் தொடங்கிய வாக்கர் கோப்பை அமெரிக்காவின் அமெச்சூர் அணியும் பிரிட்டன், அயர்லாந்து அமெச்சூர் அணியும் மோதுவது; 1927-இல் தொடங்கிய ரைடர் கோப்பை தொழில்முறை ஆட்டக்காரர்களின் அணிகளுக்கானது. தனியாகப் பெரும் பொருள் ஈட்டும் வீரர்களும் ரைடர் கோப்பைக்கென அணியாகச் சேரும்போது, வேறெங்கும் காணாத ஆவேசத்தோடும் பாசத்தோடும் ஆடுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

அந்த ரைடர் கோப்பையில் 1969-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராயல் பர்க்டேல் களத்தில் நடந்ததை நினைவூட்டாமல் இருக்க என்னால் இயலவில்லை. இரு அணிகளும் சமமாக நிற்க, கடைசி ஆட்டத்தின் கடைசி கிரீனில் அமெரிக்காவின் ஜாக் நிக்லாஸும் பிரிட்டனின் டோனி ஜாக்லினும் எதிரெதிரே நின்றார்கள். நிக்லாஸ் தம் பந்தைக் குழிக்குள் இட்டுவிட்டார். ஜாக்லினுக்கு எஞ்சியிருந்ததோ இரண்டடி தூரம் மாத்திரமே. அதைத் தவறவிட்டால் அவருடைய தேசமே தோற்றதாகும். அந்த நிலையில் நிக்லாஸ், ஜாக்லின் அதனை அடிக்க வேண்டியதில்லை என்று விட்டுக்கொடுத்தார். 16-க்கு 16 என்று, அக்கோப்பையின் சரித்திரத்தில் முதன்முறையாக, ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அமெரிக்க அணியின் தலைவர் சாம் ஸ்னீடுக்கு அது உவப்பாக இல்லை என்பதும் உண்மையே. ஆயினும் அந்த வருஷத்துப் போட்டியிலிருந்து உலகம் இன்றும் எடுத்துப் பேசுவது அந்த ஒரு செய்கையைத்தான். அணிக்காக ஆடும்போது மனிதனுடைய கருணை, தன் கூட்டாளியைத் தாண்டி எதிரணியையும் எட்டுகிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை.

இனி, அணி என்று சொல்லும்போது நாம் நால்வரை மாத்திரம் எண்ணிவிடலாகாது. நம் பைகளைச் சுமந்து நடக்கும் கேடிகளும் நம் அணியினரே. நுவரெலியாக் கழகம் 1889-ஆம் ஆண்டில் தோன்றியது. 1869-இல் பரவத் தொடங்கிய இலைத் துரு நோயினால் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, மலைச் சரிவுகளிலெல்லாம் தேயிலை வேர்கொண்டுவந்த காலம் அது. துரைமார்களின் உல்லாசத்துக்காகப் பிறந்த அந்தப் புல்வெளியைச் சூழ்ந்த மலைகளைத் தம் உழைப்பால் பொன் விளையும் பூமியாக்கியவர்கள் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய நம் மலையகத் தமிழர். இன்று நமக்குக் கேடிகளாக வரும் இளைஞர்களுள் பலர் அத்தோட்டக் குடும்பங்களில் பிறந்தவர்கள். எந்தக் கிரீன் எந்தப் பக்கம் சாய்கிறது, பனி ஈரம் எத்தனை மணிக்கு உலரும், பிதுருதலாகலை மலைப் பக்கமிருந்து காற்று இறங்கினால் பந்து எங்கே ஒதுங்கும் என்பதை அவர்கள் அறிந்த அளவுக்கு நம்மில் எவரும் அறியமாட்டோம். தில்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இலும் 1993-இலும் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார். ராயல் கல்கத்தா கழகத்தில் புல்தரை பராமரித்தவருடைய மகனான எஸ். எஸ். பி. சௌராசியா 2016-இலும் 2017-இலும் அதே பட்டத்தை வென்றார். வாய்ப்புக் கிட்டினால் பை சுமக்கும் கை எத்தகைய ஆட்டத்தை ஆடும் என்பதை இவர்கள் நிரூபித்திருக்கிறார்கள்.

ஆதலால் நான்கு வேண்டுகோள்களைக் குழாத்தின் முன் வைக்கிறேன். முதல் நாள் காலையில் ஒவ்வோர் அணியும் தன் கேடிகளின் பெயரைக் கேட்டறிந்து, நாள் முழுவதும் அப்பெயராலேயே, தம்பி என்றோ அண்ணன் என்றோ உரிய மரியாதையோடு அழைக்கட்டும். ஆட்டம் முடிந்து நாம் உண்ணும் பகலுணவில் அவர்களும் நம்மோடு அமர்ந்து உண்ணும்படி கழகத்தாரிடம் அநுமதி பெறுவோம். கூலியும் நாள் முடிந்தவுடன் குறைவின்றிக் கையில் சேரட்டும். வெற்றி பெறும் அணியின் பரிசில் கேடிகளுக்கும் சமபங்கு இருக்கட்டும். பரிசு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பங்கு இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

அணியாட்டத்தால் நேரம் நீளும் என்ற ஆட்சேபத்திலும் சிறிது உண்மை இருப்பதை மறுக்கவில்லை. நால்வரும் ஒவ்வோர் இடத்திலும் அடிப்பதால் தாமதம் நேரலாம். ஆனால் நால்வரில் ஒருவர் பந்தைக் குழியில் இட்டவுடனே மற்றவர்கள் பந்துகளை எடுத்துக்கொண்டு நகர்வது, காணாமற்போன பந்தை 2019-இல் திருத்தப்பட்ட விதியின்படி மூன்று நிமிஷத்துக்குமேல் தேடாதிருப்பது, நல்ல இடத்தில் வேறு பந்து கிடக்கும்போது தொலைந்த பந்தைத் தேடவே தேடாமல் விட்டுவிடுவது, வரிசை முக்கியமல்லாத அடிகளில் முறை பாராமல் ஆயத்தமாக இருப்பவர் முதலில் அடிப்பது ஆகிய இந்த ஒழுங்குகளைக் கைக்கொண்டால், தனியாட்டத்தைக் காட்டிலும் விரைவாகவே முடிக்கலாம். மரங்களிடையே தொலைந்த நாலு பந்துகளை நாலு பேர் தனித்தனியே தேடும் அவஸ்தை அணியாட்டத்தில் இல்லை அல்லவா?

நேரத்தைப் பற்றிப் பேசும்போது ஆகாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாசியில் வானம் பெரும்பாலும் தெளிந்திருந்தாலும், பருவம் சித்திரையை நெருங்க நெருங்கப் பிற்பகல்களில் இடிமழை மலையைச் சூழும். நம் மைதானத்தின் அருகிலேயே மேஜர் ரோஜர்ஸ் என்பவரின் சமாதி இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேசப்பட்ட அவர், 1845-ஆம் ஆண்டு ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். மின்னல் அபாயம் இருப்பதாக நியாயமாகக் கருதும் எந்த ஆட்டக்காரரும், எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல் ஆட்டத்தை நிறுத்தலாம் என்று விதி அநுமதிக்கிறது. முதல் இடியோசை கேட்டவுடனே எல்லா அணிகளும் கேடிகளோடு கட்டடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு குழி மிச்சம், ஓர் அடி மிச்சம் என்று எவரும் நிற்கலாகாது. கூட்டாளியின் உயிருக்கும் பொறுப்பேற்பது அணி என்பதன் முதல் தர்மம்.

கடைசியாக, இவையனைத்துக்கும் ஆதாரமான ஒன்றைச் சொல்கிறேன். நம் ஆட்டத்தில், களம் முழுவதும் உடன் நடந்து கண்காணிக்கும் நடுவர் இல்லை. ஸ்கோர் அட்டையில் எழுதப்படும் எண்ணும், ஹேண்டிகேப் என்று நாம் சொல்லும் எண்ணும் நம் வாய்மையையே நம்பி நிற்கின்றன. நல்ல சுற்றுகளை மறைத்துத் தீய சுற்றுகளை மாத்திரம் பதிவு செய்து, ஹேண்டிகேப்பைச் செயற்கையாக உயர்த்திக்கொண்டு பரிசு பெறும் வழக்கம், பரிசுகள் பெரிதாகும் இடங்களிலெல்லாம் தலைகாட்டுகிறது. விளையாட்டில் ஏற்படும் ஏமாற்று சிறியதாகவே தோன்றும். ஆனால், வலியவரும் எளியவரும் நிகராக நிற்பதற்கு உதவும் ஒரே பாலத்தை அது இடித்துவிடுகிறது. பருவத்தின் முதல் நாள், அடுத்தவருடைய ஆட்டத்தின் மெய்யான அளவைக் கூட்டாளியாக அருகில் நின்று நாம் அறிந்துகொள்ளும் நாள். அவருடைய நாணயத்தின் மீது நம்பிக்கை பிறக்கும் நாள். அந்த நம்பிக்கை பிறந்த பின்னர் நிகழும் தனிப்போட்டிகளில், அவர் எழுதிக் கொடுக்கும் எண்ணை நாம் ஐயமின்றி ஏற்றுக்கொள்ளலாம். அணியாட்டத்தை முதலிலும் தனியாட்டத்தைப் பின்னரும் வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் உட்பொருள் இதுவே. தனியாட்டத்தின் பெருமையைக் குறைப்பது என் கருத்து அன்று. அது நன்றாக நடப்பதற்கு வேண்டிய அஸ்திவாரத்தை முன்னதாகவே இடுவோம் என்கிறேன்.

தனிப்போட்டி வேண்டும் என்ற அன்பர்களின் ஆர்வத்துக்கும் நம் அட்டவணையில் இடம் இருக்கிறது. முதல் நாள் அணியாட்டம் முடிந்தபின், அடுத்த சந்திப்பையே தனிப்போட்டியாக வைத்துக்கொள்வோம். அதனை நடத்தும் பொறுப்பை யோசனை சொன்னவர்களே ஏற்று நடத்தட்டும். குழாத்தின் கூட்டத்தில் இவ்விஷயம் வாக்குக்கு வரும்போது, நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் சொந்த எண்ணிக்கையை மட்டும் நினையாமல், சென்ற பருவத்தில் பாதியிலே வராமல் நின்றுவிட்ட நண்பர் யார், இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்தவர் யார் என்று நினைத்துப் பார்த்து, முதல் நாளை அவர்களுக்காகவும் அணியாட்டத்துக்கே அளிக்குமாறு உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் உங்கள் அன்புள்ள,
குழாத்தின் மூத்த உறுப்பினன்